அந்தப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான்

“அவரு நின்னா போதும் சார். அந்தப் பக்கம் ஒருத்தனும் பாடி வரமாட்டான்.”

“வரலன்னா பாயிண்ட் எங்கேருந்துடா வரும்?”

புதூர்நாட்டில் தை பிறந்து மூன்றாம் நாள் மாலை. சாமை அடித்து முடிந்த களத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். ஓரத்தில் தாள் போர். எவ்வளவு பொறுக்கி எறிந்தாலும் கல் தீராத மண். ஏழு பேரில் யாரை நிறுத்துவது என்று இரண்டு பையன்கள் மல்லுக்கு நின்றார்கள். ஒருவன் தன் பெரியப்பாவுக்காகப் பேசினான். மற்றவன் டீமின் கேப்டன், கீழே திருப்பத்தூரில் கல்லூரியில் படிக்கிறவன். சண்டைக்குக் காரணமான மனிதரோ பாறைமேல் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. வருஷத்தில் பாதி நாள் கேரளத்து மிளகுத் தோட்டங்களில் கூலி வேலை, மீதி நாள் இங்கே தன் மேட்டு நிலம். இருபது வருஷமாக இந்த ஊரின் ரைட் கார்னர்.

நான் மலையேறியது கல் பார்க்க. ஜவ்வாதுமலையில் மரத்தடியில் வழவழப்பான கல் கோடரிகளைக் குவித்து வைத்துக் கும்பிடுவதைப் பார்க்கலாம். புதிய கற்காலத்து மனிதன் தீட்டித் தேய்த்த ஆயுதம், இன்றைக்குப் பிள்ளையார். அதைப் பார்த்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் களத்தோரம் வந்து நின்றேன். வந்த இடத்தில் காதில் விழுந்த அந்தப் பேச்சும் எதிர்ப்பேச்சும் ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. காவல் நிற்கிற எந்த மனிதனையும் மதிப்பிட உட்கார்ந்தால் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே சரி என்பதுதான் தொல்லை.

பாடிப் போகிறவனை எடைபோடுவது சுலபம். போனான், தொட்டான், வந்தான். எத்தனை பேரைத் தொட்டான் என்று நோட்டில் கோடு போட்டால் தீர்ந்தது. பிடிக்கிறவனுக்கு அப்படி இல்லை. அவன் வேலையின் பெரும்பகுதி எதிராளியின் மனத்துக்குள் நடக்கிறது. வலப்பக்கம் போகலாம் என்று நினைத்து வேண்டாம் என்று விட்ட ஒருவனின் தயக்கம் யார் நோட்டில் ஏறும்?

புரோ கபடியின் புள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். பிடித்தால் ஒன்று. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் இரண்டு, அதற்கு சூப்பர் டேக்கிள் என்று பெயர். ஒரே ஆட்டத்தில் ஐந்து எடுத்தால் ஹை ஃபைவ் என்று திரையில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பாடி வந்தவன் முப்பது விநாடியும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அது எம்டி ரைடு. அதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் இரண்டு எம்டி ரைடு தொடர்ந்தால் மூன்றாவது பாட்டு டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் பாடியவன் அவுட். அந்த மூன்றாவது முறை அவன் துணிந்து உள்ளே வந்தாக வேண்டும், வருகிறான், யாரோ ஓர் இளைஞன் பாய்ந்து இடுப்பைக் கட்டுகிறான், கூட்டம் எழுந்து கத்துகிறது, புள்ளி அந்த இளைஞன் பெயரில் ஏறுகிறது. முதல் இரண்டு பாட்டையும் வெறுமையாக்கியது யார்? கார்னரில் ஒருவர் நின்றார். காலை ஒரு சாண் முன்னே வைத்தார், பின்னே எடுத்தார். வந்தவன் போனஸ் கோட்டுப் பக்கம் பார்த்தான், அவரைப் பார்த்தான், திரும்பிவிட்டான். அந்தச் சாணுக்குக் கணக்கு எழுத இன்னும் யாரும் ஒரு பத்தி கண்டுபிடிக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு தர்மராஜ் சேரலாதன் நினைவுக்கு வந்தார். கபடியில் மூத்த காவல்காரன் என்று சொன்னால் வேறு யார் வருவார்?

1975இல் பிறந்த தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். இந்திய அணிக்கும் ஆடியவர். புரோ கபடி 2014இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கோச் வேலை தேடும் வயதில் இவர் டிவிக்கு வந்தார். பெங்களூரு, தெலுங்கு டைட்டன்ஸ், பாட்னா, புனே, யு மும்பா, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று ஏழு சட்டைகள். 2016 ஜூலை கடைசி நாளில், ஹைதராபாத்தில் ஜெய்ப்பூரை 37–29 என்று வென்று கோப்பையைத் தூக்கிய பாட்னா பைரேட்ஸுக்கு அவர்தான் கேப்டன். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34 என்று தோற்று நாட்டையே பதறவைத்த இந்திய அணி, இறுதியில் ஈரானை 38–29 என்று வென்றது. அந்தப் பதினான்கு பேரில் 41 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். 2021 டிசம்பரில், பார்வையாளர் இல்லாத பெங்களூரு அரங்கில் ஜெய்ப்பூருக்காக இறங்கியபோது வயது 46. வடநாட்டு வீரர்களும் ஈரானியர்களும் அவரைக் கூப்பிட்டது ஒரே சொல்லில்: அண்ணா. இந்திக்காரர் வாயில் அந்தத் தமிழ்ச் சொல் நுழைந்ததற்குச் சினிமாவைக் காட்டிலும் இந்த ரைட் கார்னருக்குப் பங்கு அதிகம் என்று ஒரு நண்பர் சொல்வார். கொஞ்சம் மிகைதான், கேட்க நன்றாக இருக்கிறது.

சரி, அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

அவரது சொத்து கணுக்கால் பிடி. அதற்குக் கை பலத்தைவிட நேரம் முக்கியம். பாடி வந்தவன் ஒரு காலைத் தூக்கும்போது பிடிப்பது வீண். எடையெல்லாம் ஊன்றிய காலில் இருக்கிறது. தூக்கிய கால் மறுபடி தரையைத் தொட்டு, எடை அதற்குள் இறங்கத் தொடங்கும் அந்தக் கணம்தான் வாசல். முந்தினால் கால் விலகிப் போகும். பிந்தினால் அவன் அதே காலை உதைத்து எழும்பிவிடுவான். சேரலாதன் அந்தக் கணத்துக்காகக் கொக்குபோல் நிற்பார். இளம் கார்னர்கள் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை பாய்கிற இடத்தில் இவர் இரண்டு மூன்று முறைதான் குனிவார். வர்ணனையாளர்கள் இதைப் பொறுமை என்றார்கள். அனுபவம் என்றார்கள். என் கணிப்பில் பாதி பொறுமை, பாதி வரவுசெலவுக் கணக்கு. இருபத்திரண்டு வயதுக்காரன் பாய்ந்து தவறினால் உருண்டு எழுந்து, ஓடுகிறவன் இடுப்பை இன்னொரு முறை எட்டிப் பார்ப்பான். நாற்பத்திரண்டு வயதுக்காரனுக்கு அந்த இரண்டாவது முயற்சி இல்லை. விழுந்தால் விழுந்ததுதான். புள்ளியும் போகும், ஆளும் வெளியே போக வேண்டும். கையில் ஒரே காசு வைத்திருக்கிறவன் சந்தையில் எப்படி நிதானமாக நடப்பானோ அந்த நிதானம் அது.

பலத்தைத் தனியாகவும் பலவீனத்தைத் தனியாகவும் இரண்டு பத்தியில் எழுதும் வழக்கம் அதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. காத்திருத்தல் எந்தப் பத்தியில் சேரும்? கார்னரைத் தேடி வரும் ரைடருக்கு எதிரே அது பலம். கார்னர் பக்கமே வராமல் நடுவிலேயே நின்று, கவரில் நிற்பவன் கையைத் தொட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு எதிரே அதே காத்திருத்தல் பலவீனம். அவனை மடக்கக் கார்னர் முன்னேற வேண்டும். நாலு எட்டு முன்னே போய், தவறினால் நாலு எட்டு பின்னே வர வேண்டும். பின்னே வருவதில்தான் வயது தெரியும். சேரலாதனின் கடைசி இரண்டு மூன்று சீசன்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. பக்கவாட்டில் வெட்டித் திரும்புகிறவர்களிடம் அவர் ஒரு கணம் பிந்தினார். அந்த ஒரு கணம் முன்பு அவர் எதிராளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

குனிந்து பிடிகளுக்கு அடியில் புகுந்து போகும் டுப்கி இன்னொரு சங்கடம். கார்னர்களின் தூக்கத்தைக் கெடுத்த அந்த வித்தையின் ராஜா பர்தீப் நர்வால். 2016இல் சேரலாதன் செய்த புத்திசாலித்தனங்களில் தலையாயது, பர்தீப்புக்கு எதிரே நிற்காமல் அவர் இருந்த பாட்னா அணியிலேயே நின்றது. அது ஏலத்தின் அருள் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நிலை உண்டு. அதன் பெயரே ‘சேஃப்டி’. பதினோரு பேரில் எல்லோருக்கும் பின்னே நிற்கிறவன். அவனைத் தாண்டினால் வெட்டவெளி. அந்த ஆட்டத்தை முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு ஆளை மட்டும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. அவனுடைய சிறந்த நாள் என்பது பந்து அவன் பக்கமே வீசப்படாத நாள். அன்றைக்கு அவன் பெயரில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் இருக்கும். சும்மா நின்றவனுக்கும் அதே பூஜ்யம்தான்.

சார்லஸ் வுட்சன் என்று ஒருவர். 1976இல் பிறந்தவர், சேரலாதனைவிட ஒரு வயது இளையவர். 1998இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது அவர் கார்னர்பேக். எதிரணியின் வேகமான ஓட்டக்காரனோடு தனியாளாக ஒட்டி ஓட வேண்டிய வேலை. 2009இல் அமெரிக்கக் கால்பந்து லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியபோது, 2012இல், அவரை சேஃப்டியாகப் பின்னே நகர்த்தினார்கள். அந்த ஆண்டே காறை எலும்பு உடைந்தது. மறு ஆண்டு அவருடைய அணி அவரை விட்டுவிட்டது. தன் பழைய அணியான ஓக்லண்டுக்குத் திரும்பிப் போய் இன்னும் மூன்று ஆண்டு ஆடினார். பதினெட்டாவது, கடைசி சீசனில், 39 வயதில், எதிரணியின் பந்தை ஐந்து முறை இடைமறித்துப் பிடித்தார். மொத்தம் 65.

கால் தந்த வேகத்தை வயது எடுத்துக்கொண்டது; அதற்கு ஈடாக ஆட்டம் அவருக்குத் தூரத்தைக் கொடுத்தது. பின்னே போய் நின்றால் முன்னே நடப்பது முழுதாகத் தெரியும். பந்து வீசுபவன் தோள் திரும்புவதைப் பார்த்து, பந்து கிளம்பும் முன்பே நடக்கத் தொடங்கலாம். மூத்தவனுக்கு ஒரு திண்ணை போட்டுக் கொடுக்கிற ஆட்டம் அது. நூறு கெஜ மைதானத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

கபடியில் ஏது திண்ணை? ஒரு பக்கத்து ஆடுகளம் ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு நாலே முக்கால் மீட்டர். அதற்குப் பின்னே கடைசிக் கோடு வரை மிச்சம் ஒன்றே முக்கால் மீட்டர், ஒரு கட்டிலின் நீளம்கூட வராது. கிழவன் பின்னே போனால் கோட்டுக்கு வெளியே போய்விடுவான். எதிராளி முதலில் தேடி வருகிற இடமும் கார்னர்தான். வுட்சனுக்குக் கிடைத்த இருபது கெஜத்தை சேரலாதன் தரையில் எங்கும் கண்டிருக்க முடியாது. அதை அவர் எதிராளியின் பயத்தில் உண்டாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். வுட்சன் ஓய்வுபெற்ற வயதில் இவர் புரோ கபடியில் ஆடத் தொடங்கினார் என்பதை நினைத்தால் அந்த ஆறரை மீட்டர் இன்னும் சுருங்கித் தெரிகிறது.

அந்த பயத்தை ஒருவர் தனியாக உண்டாக்க முடியாது. கார்னரின் கையைப் பிடித்து நிற்கிற ‘இன்’ ஆட்டக்காரன் உண்டு. சங்கிலி போட்டு நிற்கும்போது விரல் அழுத்தத்திலேயே பேச்சு நடக்கும். ஓர் அழுத்தம் என்றால் பொறு, இழுத்தால் வா. பக்கத்தில் அவசரக்காரன் நின்றால் மூத்த கார்னரின் காத்திருத்தல் குட்டிச்சுவர். 2018இல் யு மும்பாவில் வலது கார்னர் சேரலாதன் என்றால் இடது கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராசலி. இருவருக்கும் பதினேழு வயது இடைவெளி. ஃபசல் சிறுத்தை; பாய்ந்து அள்ளுவார். அந்தப் பக்கம் போனால் அடி, இந்தப் பக்கம் போனால் பொறி. எந்த ரைடரும் நடுவில் தயங்கி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த சீசனின் சேரலாதனையும், பக்கத்தில் புதுப் பையன்கள் நின்ற வேறு சீசன்களின் சேரலாதனையும் ஒரே மனிதராக எண்ணி மதிப்பெண் போட்டால் அது அநியாயம். பலவீனம் என்ன என்று கேட்பவரிடம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு குறையை மட்டும் பாசத்துக்காக மறைக்கக் கூடாது. மூத்தவர் களத்தில் நின்றால் இளையவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணா சொல்லட்டும் என்று காத்திருக்கிற அரை விநாடியில் ஆட்டம் கைமாறிப் போகும். மரியாதை தமிழனுக்கு அழகு. கபடித் தரையில் அது சில சமயம் சங்கிலியில் ஓர் இற்றுப்போன கண்ணி. இதற்கு மூத்தவர் பொறுப்பா, இளையவர் பொறுப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொந்த மாநிலத்து அணியான தமிழ் தலைவாஸ் 2017இல் லீகுக்குள் வந்தபோது சேரலாதன் புனேவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரராக அந்தச் சட்டையை அவர் போடவே இல்லை. 2024இல்தான் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு வழியாகத் திண்ணை கிடைத்தது.

கல் பார்க்க வந்தேன் என்றேன். இந்த மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பேர்போனவை. பல்லவர் காலத்தவை பல. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது தொறுவை மீட்டு விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல். பாடி வருவதும் பிடித்து நிறுத்துவதும் நமக்குப் புதிதல்ல. பழந்தமிழில் ஒன்றுக்கு வெட்சி, மற்றதற்குக் கரந்தை என்று பூவே சூட்டியிருந்தார்கள். கவனித்துப் பாருங்கள், மாடு பிடிக்க யாருமே வராதபடி முப்பது வருஷம் ஊர்க்கோடியில் காவல் நின்று, கிழவனாகிப் படுக்கையில் செத்தவனுக்குக் கல் கிடையாது. சண்டை வந்து, செத்தால்தான் கல். பாயிண்ட் எங்கேருந்து வரும் என்று கேட்ட கேப்டன் பையன் அந்தக் காலத்துக் கல்தச்சனின் நேர்வாரிசு.

விதிவிலக்காக எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் ஆட்சி. வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயரும் உண்டு, கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்ததையும், பிறகு அது காத்துக்கொண்டு நின்றதையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடித்தது இரண்டு புள்ளி, சூப்பர் டேக்கிள் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது அடுத்த பாதி. ஒன்றும் நடக்காத அந்தக் காத்திருப்பையும் கல்லில் எழுத வேண்டும் என்று ஒரு ஆளுக்குத் தோன்றியிருக்கிறதே.

களத்துக்கு வருகிறேன். கடைசியில் பெரியப்பாவை நிறுத்தினார்கள். அன்று எதிரணி கீழ்நாட்டுக்காரர்கள். வேனில் வந்திருந்தார்கள், எல்லோர் காலிலும் ஷூ. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வெறுங்கால். ‘எங்கள்’ என்று எப்போது எழுதத் தொடங்கினேன் என்று தெரியவில்லை, இருக்கட்டும். பெரியப்பா வேட்டியைக் கழற்றி, தனக்காகப் பேசிய பையன் தோளில் போட்டுவிட்டு டிரவுசரோடு போய் நின்றார். குனியக்கூட இல்லை. கைகளை முழங்காலுக்கு மேலே தொங்கவிட்டு, மேய்கிற மாட்டைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருவன் பாடிக்கொண்டு அவர் பக்கம் வந்தான். அவர் இடது காலைச் சும்மா முன்னே வைத்தார். அவன் அதைத் தொடக் குனிந்தான். அடுத்து நான் பார்த்தது அவன் தரையில் கிடந்ததையும், அவன் குதிகால் அவர் இரண்டு கைக்குள் இருந்ததையும்தான். தூசி அடங்கும்வரை பிடியை விடவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் இடது பக்கமே போனார்கள். இடது கார்னரில் கேப்டன் பையன். நல்ல ஆட்டக்காரன், குறை சொல்ல முடியாது. வேறு போக்கிடம் இல்லாமல் தன்னிடமே வந்தவர்களை ஒவ்வொருவராக அள்ளிச் சாய்த்தான். ஒவ்வொரு பிடிக்கும் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து குலவை. இரண்டு பிடி தவறவும் விட்டான். பெரியப்பா இன்னொரு முறைகூடக் கை வைக்கவில்லை; கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு பொடியன் அவரைச் சுற்றி ஓடி முதுகைத் தட்டிவிட்டுப் போனான். திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தான். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் இரண்டு புள்ளியில் நம்ம பக்கம். பரிசுக் குடமும் மாலையும் கேப்டனுக்கு. சிறந்த பிடி ஆட்டக்காரன் என்று மைக்கில் அவன் பெயரைத்தான் சொன்னார்கள், நோட்டுப்படி அது சரிதான்.

பெரியப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்காலில் ஒட்டியிருந்த கல் துணுக்குகளை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார். சேரலாதனைப் பற்றிச் சொன்னேன். டிவியில் பார்த்ததுண்டாம்.

“அவரும் ரைட் கார்னர்தானே?”

“ஆமாங்க. நாற்பத்தாறு வயசு வரைக்கும் ஆடினார்.”

வெற்றிலைப் பையைத் திறந்து கொட்டைப்பாக்கைத் தேடினார். அந்தப் பையன் வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். எழுந்து கட்டிக்கொண்டு, களத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ரப்பர் மேட்டுல தானே சார்?”